அத்தானின் காரில் இருந்த தகடு

செத்துப்போன மனிதர் ஒருவர் மீது பழி போட்டவன் நான். அவர் வேறு யாருமல்ல, என் சொந்த அத்தான், அக்காவின் கணவர். என்னுடைய கலியாணத்தன்று மாப்பிள்ளையான என்னைத் தன் காரில் பக்கத்தில் இருத்திக் கோயிலுக்குக் கூட்டிப்போன மனிதர். அவரால் எழுந்து வந்து மறுத்துப் பேச முடியாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவரைத் தெரிவுசெய்தேன். இந்த வயதில் இதை ஒளித்து என்ன பயன். வெள்ளவத்தையில் பாதிப் பேருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். மிச்சப் பாதிப் பேராவது சரியாக அறியட்டும்.

அத்தான் கொழும்புக் கோட்டையில் ஒரு தேயிலைக் கொம்பனியில் தலைமைக் கிளாக்கராக இருந்தார். அவருடைய வெள்ளைக்கார மனேஜர் ஊருக்கே திரும்பிப் போனபோது, கப்பலில் ஏற்றுகிற செலவுக்குப் பயந்து தன் காரை அத்தானிடம் விட்டுவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம், இரண்டே கதவு, இரண்டே இருக்கை. தரையோடு தரையாக இருக்கும். அக்கா அதில் ஏறுவது பந்தியில் உட்காருவது போல, இறங்குவது பந்தியில் இருந்து எழும்புவது போல (யாராவது கை கொடுக்க வேண்டும்). கொட்டாஞ்சேனை வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் அதை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்து ஓட்டுவார். வெயில் பட்டு டாஷ்போர்ட் வெடிக்கும் என்று, சோபா தைக்கிற ஆளைப் பிடித்து அதற்கு மண்ணிற ரெக்சின் போர்த்தினார். அந்தக் காலத்தில் எங்களுக்கு அது ஒரு பழைய கார். அவ்வளவுதான்.

அத்தான் போன பிறகு அக்கா கல்கிசையில் மகன் சுதனின் ஃபிளட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கார் மட்டும் கொட்டிலிலேயே கிடந்தது. மருமகளைப் பற்றி அக்கா ஒரு குறையும் சொன்னதில்லை, ஒன்றைத் தவிர.

"நல்ல பிள்ளை, தம்பி. நான் மீன் பொரிச்சா ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எழும்பிப் போய் ஒரு வாசனை மெழுகுதிரியைக் கொளுத்துவாள். அவ்வளவுதான்."

"அதுக்கென்ன அக்கா, கொளுத்தட்டுமே."

"இப்ப நான் மீனுக்கு மஞ்சள் பூசத் தொடங்கவே கொளுத்திறாள். எனக்கெண்டு ஒரு குசினி வேணும். சின்னதா இருந்தாலும் காரியமில்லை."

குசினியும் கிடைத்திருந்தது. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஓர் அறையும் சமையலறையும் மட்டுமுள்ள பழைய ஃபிளட். அதன் சொந்தக்காரி லண்டனில் உள்ள மகளிடம் போக இருந்தவர். அக்காவுக்குப் பழக்கமானவர், பொறுத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். காரை விற்றால் வாங்கலாம் என்பது அக்காவின் கணக்கு.

"நீதானே மோட்டார்க்காரன்," என்றார் அக்கா. "என்ன பெறும் எண்டு பாத்துச் சொல்லு."

என் தகைமையை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் மோட்டார் மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பஸ் இடித்த வான், வான் இடித்த முச்சக்கர வண்டி, முச்சக்கர வண்டி இடித்த மதில் எல்லாவற்றுக்கும் நட்டம் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நசுங்காத வாகனத்தை உத்தியோக ரீதியாக நான் பார்த்ததே இல்லை. முழுசாக ஒரு கார் முன்னால் நின்றால் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா கேட்டால் தெரியாது என்று சொல்லுகிற தம்பியை யார் கண்டது.

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தேங்காய் வாங்குகிறவன் போல காரை அங்கங்கே தட்டிப் பார்த்தேன். டிக்கியைத் திறந்தேன். அரை மூட்டை அரிசி கொள்ளாது. பின் இருக்கை இல்லை, மழைக்குக் கூரை ஒழுகும். 'பயன்பாடு குறைவு' என்று மனதுக்குள் அறிக்கை எழுதினேன். ரெக்சினின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. உள்ளே பலகை உக்கியிருக்கிறதா பார்ப்போம் என்று அதை உரித்தேன்.

அங்கேதான் அது இருந்தது.

உள்ளங்கை அளவில், கறுத்துப்போன பித்தளைத் தகடு. நாலு மூலையிலும் திருகாணி. அதில் சுழித்துச் சுழித்து ஏதோ ஒரு கீறல், எந்த மொழியிலும் சேராத கீறல். அதற்குக் கீழே ஓர் எண்.

தமிழ் வாசிக்கிறவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. எண் எழுதிய தகடு, சுழி போட்ட தகடு, யாரும் காணாதபடி மூடி மறைத்த தகடு. நான் விஞ்ஞானப் பட்டதாரி. செய்வினை, சூனியம் என்று கதைப்பவர்களைப் பார்த்து நாற்பது வயது வரை சிரித்தவன். (அதன் பிறகு சத்தமில்லாமல் சிரித்தவன்.) ஆனாலும் அந்தக் கொட்டிலில் தனியாக நின்றபோது எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திவந்தது. அத்தானின் பித்தப்பைக் கல், அக்காவின் முழங்கால், சுதனுக்கு இரண்டு தரம் தவறிய விசா. பக்கத்து வீட்டுக்காரரோடு வடிகால் தகராறும் இருந்தது. இவ்வளவு காலமும் அத்தான் ஞாயிறுதோறும் சூனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டியிருக்கிறார்.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு (வெறுங்கையால் தொடக்கூடாது என்று கேள்வி) தகட்டைக் கழற்றினேன். அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் ரெயில் பாதையைக் கடந்து, பாறைகளில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டித் தோளுக்கு மேலால் எறிந்தேன். ஒரு தேசிக்காயும் போட்டேன் (எலுமிச்சை இல்லாமல் சூனியம் கழியாது). திரும்பிப் பாராமல் வேறு ஒழுங்கையால் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினேன். அக்கா பயப்படுவார் என்று யாருக்கும் சொல்லவில்லை. என் வீரத்தை நானே ரசித்தபடி அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

காரின் படத்தைச் சுதன் இணையத்தில் போட்டிருந்தான். அதைப் பார்த்து வந்தவர் நவ்ஷாட் என்ற பல் டொக்டர், பழைய கார்களில் பைத்தியமானவர். கொட்டில் கதவு திறந்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஆன்ட்டி, இது என்ன கார் என்டு உங்களுக்குத் தெரியுமா?"

"அவரின்ரை கார்," என்றார் அக்கா.

டொக்டர் சிரித்தார். காரைச் செய்த கொம்பனி உலகம் முழுவதற்குமாக மிகச் சிலதையே செய்து நிறுத்திய வகை இது என்றார். பரிசோதனைக்கு வாய் திறந்த நோயாளியைப் பார்ப்பது போல எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து, ம், ம், என்று சந்தோஷப்பட்டார். பிறகு உள்ளே ஏறி அமர்ந்தார். டாஷ்போர்டில் நாலு துளைகளும் அவற்றுக்கு நடுவே மங்காத ஒரு சதுரமும் இருந்தன. அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"இங்க ஒரு ப்ளேட் ஈந்திருக்கணுமே. டிசைன் செஞ்சவர்ட கையெழுத்தும், காருட நம்பரும்."

அந்தச் சுழி ஒரு மனிதருடைய கையெழுத்து. நான் தேசிக்காய் எறிந்தது ஒரு மனிதருடைய கையெழுத்துக்கு.

"அது இல்லாட்டி என்ன, தம்பி?" என்று அக்கா டொக்டரைக் கேட்டார்.

"நம்பர் ஈந்தா நான் வாங்குறது அந்தக் காரை, ஆன்ட்டி. நம்பர் இல்லாட்டி நான் வாங்குறது ஒரு காரை." மிகவும் கவலையோடுதான் சொன்னார். அவர் மனதில் கொண்டு வந்திருந்த விலை பாதியாயிற்று. அந்தப் பாதியில் குசினி வராது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ ரெக்சினை உரிக்கேக்க ஒண்டையும் காணேல்லையே?"

அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. பட்டதாரி, மதிப்பீட்டாளர், ஒரு பல் டொக்டருக்கு முன்னால் "சூனியம் என்று நினைத்துக் கடலில் எறிந்தனான்" என்று எப்படிச் சொல்வது.

"இல்லை அக்கா," என்றேன். அதோடு நிறுத்தினேனா. "அத்தான்தான் ஏதும் கஷ்டத்தில கழட்டி வித்திருப்பார். அதுதானே ரெக்சின் போட்டு மூடினவர்."

பொய்யில் எப்போதும் ஒரு நேர்த்தி இருக்கிறது, பாருங்கள். டொக்டர் யோசித்துச் சொல்லும்படி கூறிவிட்டுப் போனார்.

இரண்டொரு நாள் கழித்துக் கல்கிசைக்குப் போனேன். அத்தானின் படத்துக்கு முன்னால் அக்கா காலையில் பால் விடாத தேநீர், ஒரு பிளேன்டி, வைப்பது வழக்கம், ஒரு துண்டு கருப்பட்டியோடு. அன்று அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"ஏன் அக்கா?"

"எனக்குச் சொல்லாமல் ஒரு காரியமும் செய்யாத மனிசன் எண்டு நினைச்சிருந்தனான்," என்றார். "வித்தது பிழையில்லை. எனக்குச் சொல்லியிருக்கலாம்."

அங்கிருந்து நேரே பாறைகளுக்குத்தான் போனேன். தகட்டை எடுத்துக் கொண்டுவந்து, கொட்டிலில் விழுந்து கிடந்தது என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். (பொய்யைப் பொய்யால் திருத்துகிற முறை.) கடல் உள்வாங்கியிருந்த வற்று நேரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடைக்கம்பால் பாறை இடுக்குகளைக் கிண்டியபடி நகர்ந்தேன்.

வெள்ளவத்தைக் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்கு அங்கே பின்னேரங்களில் குடைகள் விரிந்திருக்கும் என்பதும், ஒவ்வொரு குடைக்கும் பின்னால் இரண்டு பேர் இருப்பார்கள் என்பதும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் கண் தரையில் இருந்தது. ஒரு குடைக்கடியில் ஏதோ மின்னியது போல இருக்க, குனிந்து குடையைச் சற்று விலக்கினேன். மின்னியது ஒரு பெண்ணின் கைக்கடிகாரம்.

அடுத்த குடையிலும் ஒருவேளை இருக்கலாம் என்று எட்டிப் பார்த்ததுதான் என் பிழை. யாரோ பொலிஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அங்கிள், மொனவத ஹொயன்னே?" என்றார் வந்த இளம் பொலிஸ்காரர். என்ன தேடுகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

தகட்டுக்குச் சிங்களத்திலும் 'தஹடுவ' என்றே சொல்வார்கள். அந்தச் சொல் கைவசம் இருந்தது. "தஹடுவக்," என்றேன். ஒரு தகடு.

"நம்பர் தஹடுவக்த?"

எண் இருந்ததுதானே. ஓம் என்றேன். வாகனத்தின் இலக்கத் தகட்டைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்பது, அவருடைய முகம் மாறிய பிறகுதான் என் மூளைக்கு எட்டியது.

"வாஹனே கோ?" வாகனம் எங்கே என்று கேட்டார்.

"கொட்டாஞ்சேனையில் ஒளித்து வைத்திருக்கிறோம்" என்ற பொருள் வரும்படி ஏதோ சிங்களத்தில் சொன்னேன். கொட்டில் என்பதற்குச் சொல் வராததால் வந்த வினை. தகடு ஏன் கடலில் என்றார். நான்தான் எறிந்தேன் என்றேன். என்ன நம்பர் என்றார். வாழ்நாளெல்லாம் நம்பர் எழுதிச் சம்பளம் வாங்கிய எனக்கு அந்த ஒரு நம்பர் மட்டும் நினைவில்லை.

பொலிஸ் நிலையத்து மர வாங்கில், ஈர வேட்டியோடு, கையில் குடைக்கம்போடு நான் இருந்த நிலையில்தான் சுதன் வந்தான். பின்னால் அக்கா.

"மாமா, நீங்க குடைக்குள்ள எட்டிப் பாத்ததா சொல்லுகினம்," என்றான் சுதன் தணிந்த குரலில்.

மருமகனின் கண்ணில் நான் என்னவாகிவிட்டேன் என்று கண்டபோது உண்மை எனக்கு மிகவும் கௌரவமான பொருளாகத் தெரிந்தது. சொல்லிவிட்டேன். தகடு, சுழி, சூனியம், தேசிக்காய், அத்தான்மீது போட்ட பழி, எல்லாம். அக்காவுக்குத் தமிழில், பொலிஸ்காரருக்குச் சிங்களத்தில், வாக்கியம் வாக்கியமாக. சுதன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவர் விக்கேல்லை?"

"இல்லை அக்கா."

"அவருக்கு ஒண்டும் தெரியாது?"

"ஒண்டும் தெரியாது அக்கா."

அக்கா பொலிஸ்காரரிடம் திரும்பி, "மகே மஹத்தயா ஏக விக்குணலா நே," என்றார். என் கணவர் அதை விற்கவில்லை. இந்த வழக்கில் முக்கியமான தகவல் அதுதான் என்பது போல அவரும் "ஹரி அம்மா" என்று தலையாட்டினார். அப்போதுதான் அக்கா அழத் தொடங்கினார். அழுகைக்கு நடுவில் என்னைப் பார்த்துவிட்டு, அது சிரிப்பாக மாறி, பிறகு நிற்கவேயில்லை. மறுநாள் காலை படத்துக்கு முன்னால் பிளேன்டியோடு இரண்டு துண்டு கருப்பட்டி இருந்ததாகச் சுதன் சொன்னான். ஒன்று வட்டி.

டொக்டரிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும் வரை கதிரையில் ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். சேசிஸ் இலக்கத்தை வைத்து அந்தக் கார்க் கொம்பனியிடம் விசாரிக்கலாம், ஆனால் போன தகடு போனதுதான் என்றார். விலையைக் கொஞ்சம் உயர்த்தினார். குசினிக்கு இன்னும் துண்டு விழுந்தது. அந்தத் துண்டை நான் போடுவதுதான் முறை. என்னுடைய ஜப்பான் காரை விற்றேன். விலையை என் மனைவி பேசினாள். வாங்க வந்தவர் இருந்த நேரம் முழுவதும் என்னை மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடச் சொன்னார்கள். நல்ல விலை கிடைத்தது. இப்போது நான் பஸ்ஸில் போகிறவன்.

அக்கா குடிபுகுந்த அன்று பால் காய்ச்சிய கையோடு மத்தியானம் அறக்குளா மீன் பொரித்தார். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தபடி. மணம் மேல் மாடி வரை போயிருக்க வேண்டும். கட்டடச் சங்கத்துத் தலைவர் இறங்கி வந்து வாசலில் நின்றார். குறை சொல்ல வந்தவர், மீனைக் கண்டதும் கதையை மாற்றினார் என்றே நினைக்கிறேன்.

"நல்ல ஃபிளட். இப்ப இது என்ன விலைக்குப் போகும்?" என்று, வீட்டில் இருந்த ஆண்களில் மூத்தவன் என்ற மரியாதையில், என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன். அக்கா சட்டியிலிருந்து ஒரு பொரித்த துண்டை எடுத்து, ஊதி, அதை என் வாய்க்குள் வைத்தார்.

"சாப்பிடு," என்றார்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. யாராவது ஒரு காணி நிலத்துக்கோ நகைக்கோ விலை விசாரித்தால், நான் வாய் திறப்பதற்குள் யாரோ ஒருவர் வடையோ வாழைப்பழமோ கொண்டுவந்து விடுகிறார். அக்காவின் மருமகள்கூடப் பழகிவிட்டாள். கொழுப்புக் கூடிக்கொண்டே போகிறது, என்ன காரணம் என்று என் வைத்தியர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். கொழும்பில் காணி விலை ஏறுகிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன்.