மேஜருக்கு ஏற்ற சேர்க்கை

சேர்க்கை பார்க்கிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. யாராவது புதிதாகப் பழக வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைப் பார்ப்பார். எந்தத் தெரு, என்ன உத்தியோகம், அப்பா யார் என்று விசாரித்து, திருப்தி ஏற்பட்டால் அரைச் சிரிப்பும், ஏற்படாவிட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று முழு வாக்கியமும் கொடுத்து அனுப்புவார். மனிதர்களோடு நிறுத்திக்கொண்டால் தேவலை. இப்பேர்ப்பட்டவர் நாய்க்குட்டி வளர்த்தால் என்ன ஆகும்?

மணவாள நகர் பூவராகவன் வளர்த்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெரிய அதிகாரி மாற்றலாகிப் போகும்போது, தம் வீட்டு அல்சேஷன் போட்ட குட்டிகளில் ஒன்றை ஒரு புத்திமதியோடு கொடுத்தார்: "சின்ன வயசிலேயே நாலு நாயோட பழக விடுங்க பூவராகவன். இல்லேன்னா எதைப் பார்த்தாலும் பயப்படும். பயந்த நாய்தான் கடிக்கும். கடிச்சிட்டா ஆயுசுக்கும் சங்கிலிதான்."

குட்டிக்கு மேஜர் என்று பெயர் வைத்தார். பங்களாதேஷ் யுத்தம் முடிந்திருந்த சமயம். மேஜருக்குக் கீழ்ப்பட்ட பதவியில் நாய் வளர்க்க அவருக்கு மனசு வரவில்லை. மேஜரோ, தெருக்கோடியில் ஒரு நாய் கொட்டாவி விட்டால்கூட இங்கே கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டு நடுங்கும். அவர் மனைவி செண்பகம் பால் கிண்ணத்தை உள்ளே தள்ளப்போனபோது பயத்தில் கையைக் கவ்வியே விட்டது. பல் பதியவில்லை. ஆனால் பூவராகவன் காதில் சங்கிலிச் சத்தம் கேட்டுவிட்டது. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. குட்டிமேல் அவருக்கு உயிர். அதில் மட்டும் பொய் கிடையாது.

"தெருவுல வுடுங்க, தானா பழகிக்கினு வரும்," என்றாள் செண்பகம்.

"வுடறது சரி. எந்த நாயோட?"

கேட்டீர்களா கேள்வியை? உடனே விசாரணை ஆரம்பமாயிற்று. கறிக்கடைக் கறுப்பனுக்குச் சகவாசம் முழுக்க எலும்பு. ஸ்டேஷன் நாய்கள் டிக்கெட் இல்லாமல் பிளாட்பாரத்தில் திரிகிறவை. பக்கத்து வீட்டு ஆசீர்வாதம் வளர்க்கும் மணி நல்ல நாய்தான். ஆனால் ஆசீர்வாதம் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் அள்ளுகிறவர், நாளைக்கு நாயைச் சாக்கிட்டு அவரும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால்? எதிரே கங்கம்மாவின் நாஷ்டா கடையில் எச்சில் இலை தின்று வளர்ந்த செவலையை அவர் நாய் என்றே கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று: ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அருணாச்சலத்தின் லில்லி. வெள்ளைவெளேரென்று சடை; பிஸ்கட் தவிர வேறெதையும் தொடாது; ஏறக்குறைய இங்கிலீஷ் தெரியும். பூவராகவன் இஸ்திரி போட்ட சட்டையோடு போய்ப் பேசி, ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனையில் இருதரப்பும் சந்திப்பது என்று முடிவு செய்துவிட்டு வந்தார். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி.

அன்று மேஜருக்குக் குளியல், பவுடர், கழுத்துக்குப் புது வார். தரையில் விட்டால் கண்ட நாற்றமும் ஒட்டிக்கொள்ளும் என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மறு கையில் குடையோடு புறப்பட்டார்.

"இன்னா சார், நாய இடுப்புல தூக்கினு போறே? அதுக்குக் காலு இல்லியா?" என்றாள் கங்கம்மா, இட்லிப் பானையைத் திறந்தபடி.

பூவராகவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். இத்தனை வருஷமாக எதிரெதிரே இருந்தும் அவளோடு பேசினதில்லை.

அந்த நேரம் பார்த்துச் செவலையும் கறுப்பனும் இன்னும் இரண்டும் எழுந்து வந்தன. வாலை ஆட்டிக்கொண்டுதான் வந்தன; பவுடர் வாசனையோடு புதுசாக ஒரு குட்டி, மோந்து பார்க்க ஆசை இருக்காதா? மேஜர் அலறிற்று. மூர் மார்க்கெட்டில் பூவராகவன் வாங்கிப் படித்த இங்கிலீஷ் நாய் வளர்ப்புப் புத்தகத்தில், வேண்டாத பிராணிகளை விரட்ட ஒரு வார்த்தை இருந்தது. எஸ், எச், இரண்டு ஓ: ‘ஷூ’. குடையை முன்னால் நீட்டி அதைச் சொன்னார். பதற்றத்தில் ‘ஷ’ வழுக்கிவிட்டது.

"சூ! சூ! சூ!"

பள்ளிப்பட்டில் பிறந்து, சின்ன வயசில் ஊர் நாய்களையெல்லாம் இதே வார்த்தையால் ஏவிவிட்ட மனுஷர் அவர். இங்கிலீஷ் வந்ததும் அது மறந்துவிட்டது. நாய்களுக்கு இங்கிலீஷ் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவற்றுக்குச் ‘சூ’ என்றால் ஒரே அர்த்தம்தான்: பாய், பிடி, விடாதே! யாரை என்று குடை நுனியைப் பார்த்தன. குடை நுனிக்கு நேரே, சொன்ன நேரத்துக்குச் சரியாக, ஹெட்மாஸ்டர் லில்லியை நடத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

நாலும் பாய்ந்தன. "ஐயையோ, சூ! சூ!" என்று பூவராகவன் பலமாக விரட்ட விரட்ட, அவை இன்னும் உற்சாகமாக ஓடின. அந்தக் கலவரத்தில் மேஜர் அவர் இடுப்பிலிருந்து வழுக்கி விழுந்தது. இப்படியும் அப்படியும் ஒருமுறை பார்த்தது. பிறகு காதை மடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரைத்துக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் தானும் சேர்ந்து ஓடிற்று. ஹெட்மாஸ்டர் லில்லியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தெருக்குழாய் மேடையில் ஏறி நின்றார்.

"ஏன்யா, வரச் சொல்லிட்டு நாய ஏவி விடறியா?"

சம்பந்தம் அதோடு முறிந்தது.

கடி ஒன்றும் நடக்கவில்லை. குரைத்துத் தொண்டை வறண்டதும் நாய்கள் திரும்பி வந்து கங்கம்மா கடை வாசல் அடுப்புச் சாம்பலில் புரண்டன. பூவராகவன் மேஜரைத் தேடினார். நாய்கள் அதைக் கிழித்துப் போட்டிருக்கும் என்றே நினைத்தார். கண் நிறைந்து எதுவும் சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தால், மேஜர் செவலையின் காதைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. செவலை பேசாமல் படுத்திருந்தது. பவுடரெல்லாம் போய், என்ன ஜாதி நாய் என்று சொல்லமுடியாதபடி மேஜரின் உடம்பெல்லாம் சாம்பல்.

"மேஜர், கம்," என்றார். அது வரவில்லை.

"அதும்பாட்டுக்கு ஆடினு கீது, வுடு சார்," என்றாள் கங்கம்மா. "நீ குந்து. டீ போடறேன்."

டீ குடித்துக்கொண்டிருந்த ஆசீர்வாதம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பூவராகவன் பெஞ்சைப் பார்த்தார். ஆசீர்வாதத்தின் செருப்பைப் பார்த்தார். பிறகு, "இல்லே, ஊட்ல ஆயிடுச்சி" என்று பொய் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போய், வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு, நாய் விளையாடி முடிக்கிற வரைக்கும் தனியாக நின்றார். மேஜருக்கு இனிச் சங்கிலி வேண்டியிருக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ரயிலில்தானே இதைப் படித்துக்கொண்டு போகிறீர்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, என்னதான் எழுதியிருக்கிறது என்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார். நீங்கள் புத்தகத்தை மெதுவாக உங்கள் பக்கம் சாய்த்துக்கொள்கிறீர்கள். ஏன் சார், கடித்துவிடுவாரா?