மொட்டை மாடியில் ஒரு முதலை

குவளை சாய்ந்தபோது மேகம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

மேகம் என்பது வீட்டில் அண்ணன் வைத்த பட்டப்பெயர். சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்தாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவள் கல்லூரியிலிருந்து சனிக்கிழமைதோறும் சில மாணவர்கள் மாற்றுத்திறனாளிகள் இல்லத்து ஓவிய அறைக்கு உதவிக்குப் போவார்கள். தோழிக்குக் காய்ச்சல் என்பதால் இன்று முதன்முதலாக இவள் வந்திருந்தாள். கலர் எடுத்துக் கொடு, தண்ணீர் மாற்று, படத்தில் மட்டும் கை வைக்காதே, அது அவர்கள் படம் என்று தோழி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மேகம் கை வைக்கவில்லை. முழங்கையை வைத்துவிட்டாள்.

குற்றம் முழுக்க அவளுடையது என்றும் சொல்ல முடியாது. மேசைமேல் இருந்த அட்டை அப்படி. நீலம் மெல்லச் சாம்பலில் கரைந்து, சாம்பல் மஞ்சளின் ஓரத்தில் போய்ப் படுத்திருந்தது. மதிய வெளிச்சம் திரைச்சீலை வழியாக வந்து அதன்மேல் அசைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு அது ஏரியாகிவிட்டது. இறங்கிக் காலை நனைக்கலாமா என்று அவள் யோசித்த நேரத்தில், தண்ணீர் தானாகவே வந்து சேர்ந்தது.

"என்னம்மா கொட்டுச்சு?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த டெலிபோன் மாமா.

"தண்ணி சார். தரையில."

மாமா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடுவயதில் பார்வை போய்விட்டது. சனிக்கிழமைதோறும் வீட்டிலிருந்து இங்கே வந்து படம் போடுவார். தேநீர் குடித்துவிட்டு இப்போதுதான் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். தரைதானே, காய்ந்துவிடும் என்று ஆறுதல் சொன்னவர், அப்படியே தன் படத்தைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். மழை விட்ட கையோடு அவர்கள் வீட்டு மொட்டை மாடி எப்படி இருக்குமோ அதுதான் படம். வாரக்கணக்காக விரலால் அளந்து அளந்து போட்டது. கண் தெரியாதவருக்குக் கலர் எதற்கு என்று கேட்ட மகள், இன்று சாயங்காலம் முதல் தடவையாகப் பார்க்க வருகிறாள்.

"அவ ஒரே ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்மா" என்றார்.

மேகம் அட்டையைக் குனிந்து பார்த்தாள். ஏரி இல்லையாம், மொட்டை மாடியாம். அதுவும் இப்போது வெள்ளத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

பஞ்சால் ஒற்றினாள். தண்ணீரோடு நீலமும் பஞ்சுக்கே வந்துவிட்டது. வெள்ளையாய்த் தெரிந்த இடத்தில் கொஞ்சம் நீலம் பூசினாள். அடியில் ஈரமாக இருந்த மஞ்சள் அதோடு கூட்டுச் சேர்ந்து பச்சையாயிற்று. மாடியில் பச்சைக்கு என்ன வேலை? பூந்தொட்டியில் ஒரு செடி என்று வைத்துக்கொள்வோம் என்று நான்கு இலை போட்டாள். செடி ஈரத்தில் வழுக்கிப் படுத்து, நீளமாக வால் விட்டது. வாலை மறைக்க வெள்ளைப் பூக்கள் வைத்தாள். அவை வரிசையாகப் பற்கள் ஆயின. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே முதலையாக முடிந்தது. அது நிதானமாக அவளையே பார்த்தது.

"ஏதோ தேய்க்கிற சத்தம் கேக்குதே?"

"மேசையைத் துடைக்கிறேன் சார்."

"நல்ல பொண்ணு" என்றார் மாமா.

அந்த இரண்டு சொல் அவளைச் சுட்டுவிட்டது. இதற்குமேல் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"சார், தண்ணி தரையில கொட்டல. உங்க படத்துல கொட்டிடுச்சு. சரி பண்றேன்னு நான் அதை இன்னும் கெடுத்துட்டேன்."

மாமாவின் முகம் வாடிவிட்டது. மடியில் கிடந்த கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார்.

"இப்ப அதுல என்னம்மா இருக்கு?"

"முதலை சார்."

"மொட்டை மாடியிலயா?"

"ஆமா சார்."

"பெரிசா?"

"மாடி கொள்ளாது சார்."

மாமாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோய் நிமிர்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். நடந்தது நடந்துவிட்டது, முதலையையும் தானே போட்டதாக மகளிடம் சொல்லிவிடலாம், நீ வாயைத் திறக்காமல் இரு என்று ஏற்பாடும் செய்துவிட்டார்.

மகள் வேலை முடிந்து தோள்பையோடு நேராக வந்தாள். அட்டையின் முன்னால் நின்றாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"நம்ம மொட்டை மாடிதாம்மா. மழை விட்ட கையோட" என்றார் மாமா.

"தெரியுதுப்பா. அப்படியே இருக்கு."

"முதலை?"

"அது... தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துலதானே? பார்த்தேன்ப்பா."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அப்பாவின் பெயின்ட் காய்ந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இனி சனிக்கிழமைகளில் தானே கூட்டிவருவதாகச் சொன்னாள். மாமா தலையை ஆட்டினார். சாயங்கால வெயில் மூவர் மேலும் விழுந்தது. முதலைகூட அந்த வெளிச்சத்தில் சாதுவாகத் தெரிந்தது. பொய்யோ மெய்யோ, இப்படியே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று மேகம் நினைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிரஷ் அக்கா வந்தாள். அந்த அறையின் பிரஷ்களைக் கழுவுவது அவள் வேலை. வேறு யார் தொட்டாலும் அவளுக்குப் பிடிக்காது. ஒரு கையில் கழுவிய பிரஷ்கள், இன்னொரு கக்கத்தில் ஒரு அட்டை. மேசையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மாமா படத்தை வெயில்ல காயவெச்சு எடுத்துட்டு வர்றதுக்குள்ள, நான் பிரஷ் துடைக்கிற அட்டையில யாரு முதலை போட்டது?"