உஷ் சார் விற்காத ஸ்பீக்கர்கள்

சத்தத்தை விற்றுப் பிழைக்க வந்து, சத்தத்தையே ஜென்ம விரோதியாகப் பார்த்த ஒரே வியாபாரி இந்தப் பூமண்டலத்தில் எங்கள் உஷ் சார்தான். வேறு ஒருத்தர் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

செங்கம் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் நான் வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர், ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் மூன்று தலைமுறையாகச் செய்துவரும் ஸ்பீக்கர்களோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றும் ஆள் உயரம், தேக்கு நிறம். ஒரு ஜோடி என்ன விலை என்று கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். நிஜம்தான் என்று தெரிந்ததும் தண்ணீர் கேட்பார்கள்.

கடைக்குள் கால் வைத்தவுடன் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "உஷ்". பல நேரங்களில் கடைசி வார்த்தையும் அதுதான். தபால்காரர்கூட "உஷ் சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார். சொந்தப் பெயர் என்னவென்று அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

கடையின் பின்பக்கம் ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சு, அதன் மேல் கம்பளி, கதவு பேங்க் லாக்கர் கனம். சாத்திவிட்டால் ரோட்டில் பஸ்ஸே கவிழ்ந்தாலும் உள்ளே தெரியாது. வாங்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நடு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். ரெக்கார்டில் ஊசியை வைத்துவிட்டு உஷ் சார் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார். விற்கிறவன் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கிறவனுக்கு இடைஞ்சல் என்பது அவர் கட்சி.

ஒரு தடவை அரிசி மண்டிக்காரர் ஒருத்தர், மகன் கட்டிய புது வீட்டுக்கு வாங்கலாம் என்று மனைவியோடு வந்தார். காசு எடுத்து வைக்கவே தயாராக வந்தவர். உஷ் சார் அந்த அம்மாவிடம் வளையலைக் கழற்றச் சொன்னார், சத்தம் வருமாம். மண்டிக்காரர் எழுந்து நின்று நிதானமாகக் கேட்டார்: "வளையலோட நிறுத்திப்பீங்களா, இல்ல தாலியும் சத்தம் போடுதும்பீங்களா?" வியாபாரம் அத்தோடு போச்சு.

உஷ் சார் மனைவி மல்லிகா அக்கா, மாசக் கடைசியில் கடை வாடகைக்காக அலமாரியைத் துழாவுகிறவர், என்னிடம் வந்து சொன்னார்: "மத்த கடையில கஸ்டமரு மாப்ள. இவரு கடையில கஸ்டமரு அக்யூஸ்ட்டு."

இது போதாதென்று, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் கடை வாசலிலேயே செல்வி தார்ப்பாய் விரிப்பாள். போன் சார்ஜர், ஹெட்போன், கொழுக்கட்டை அளவில் புளூடூத் ஸ்பீக்கர். கிரிவலம் போகிற கூட்டம் நடந்துகொண்டே வாங்கும். உஷ் சார் அந்தக் கொழுக்கட்டையைப் பார்க்கும்போதெல்லாம் செத்த எலியைப் பார்ப்பதுபோல முகத்தைச் சுளிப்பார். அவளோ வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரிப்பாள். "உங்க பொட்டி ஒரு ஊருக்கே கேக்கும் சார். என் பொட்டி ஒரு பாக்கெட்டுக்குள்ள போவும். ஊரா பெருசு இப்போ? பாக்கெட்டுதான் பெருசு." இந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு நான் ஒரு வருஷம் இலவச ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம்.

செல்வி சொன்னது அந்த ஐரோப்பாக் கம்பெனிக்கும் புரிய ஆரம்பித்திருந்தது. உலகம் போனில் பாட்டுக் கேட்கப் பழகிவிட்டது, ஆள் உயரப் பெட்டிக்கு ஆள் இல்லை. கம்பெனி கை மாறியது. முதலில் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த அதிகாரி கோட்டுப் போட்டிருந்தார். புது முதலாளி வந்தபின் வந்தவரிடம் கோட்டு இல்லை, டை மட்டும் இருந்தது. இன்னொரு கை மாறியதும் டையும் போய், டீ-சர்ட்டோடு ஒருத்தர் வந்தார். அப்புறம் ஆளே வரவில்லை, போனில் குரல் மட்டும். "இன்னும் ஒரு கை மாறட்டும், கொரலும் வராது" என்றாள் செல்வி.

ஆனால் அந்தக் குரல் சொன்ன சேதி சிரிக்கிற மாதிரி இல்லை. பங்குனிக்குள் ஒரு ஜோடியாவது விற்றாக வேண்டும். இல்லையென்றால் ஏஜென்சியும் போகும், அதற்குக் கட்டிய டெபாசிட்டும் போகும். அந்த டெபாசிட் எங்கிருந்து வந்தது என்றால், வேங்கிக்காலில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுப் பத்திரம் பேங்கில் அடகு இருக்கிறது. ஒரு ஜோடி விற்றால் வீடு. விற்காவிட்டால் வீதி.

அந்த மார்கழியில்தான் ஹெல்கா அம்மா வந்தார். வருஷா வருஷம் குளிருக்கு வந்து, தை கழிந்து ஊர் திரும்புகிற வெள்ளைக்கார அம்மா, தமிழும் கொஞ்சம் வரும். என்னிடம் பாஸ்போர்ட் நகலெடுக்க வந்தவர் பக்கத்துக் கடையில் என்ன என்றார். போய்ப் பாருங்கள் என்றேன். உஷ் சார் வழக்கப்படி பேசவில்லை. உதட்டில் விரலை வைத்தார், செருப்பைக் காட்டினார், நாற்காலியைக் காட்டினார், ஊசியை வைத்தார், வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

கதவு சாத்தியது, கரண்ட் போனது. இரண்டும் ஒரே நொடி.

என் மிஷின் பாதி பாஸ்போர்ட்டோடு நின்றது. உஷ் சாருக்குத் தெரியவில்லை. நல்ல பகல். கடையில் இன்வெர்ட்டரும் கிடையாது, அது பாட்டுக்குள் அழுக்கு சேர்க்கும் என்பார். நான் ஓடிப்போய், "சார், கரண்ட்டு..." என்றேன்.

"உஷ்."

"இல்ல சார், கரண்ட்டு..."

முறைத்தார். காதோரம் குனிந்து சொன்னார்: "ஜெராக்ஸு, உள்ள ஒரு காது உக்காந்திருக்குது. வராது வந்த காது. கெடுத்துடாத."

சாப்பாடு கொண்டுவந்த மல்லிகா அக்கா, சுற்றாத ஃபேனைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு ஜோடி விற்க இருந்த ஒரே வாய்ப்பு, இருட்டில் ஊமை ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஹெல்கா அம்மாவின் கண்ணில் தண்ணீர். இத்தனை வருஷத்தில் இப்படி ஓர் அனுபவம் எங்கேயும் கிடைத்ததில்லையாம், நாளைக்கு நண்பர்களையும் கூட்டி வரலாமா என்றார். உஷ் சாருக்குத் தரையில் கால் பாவவில்லை. எந்த இடம் ரொம்பப் பிடித்தது என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்லாத அந்த இடம்" என்றார் அந்த அம்மா.

உஷ் சார் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? ரெண்டு சுரத்துக்கு நடுவுல இருக்கற எடவெளியப் புடிச்சிருக்காங்கடா!"

அப்புறம்தான் உள்ளே போனார், சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து, டிபன் கேரியரைத் திறந்து, ஆறிப்போன சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டார்.

மறுநாள் ஹெல்கா அம்மா சொன்னபடி ஒரு தியானக் கூட்டத்தோடு வந்தார். அதில் ஒருத்தர் இடது ஸ்பீக்கருக்குச் சாமந்தி மாலை போட்டார். இன்னொருத்தர் வலது ஸ்பீக்கர் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்: தயவுசெய்து பாட்டு மட்டும் வேண்டாம். உஷ் சார் மாலையைக் கழற்றக் கையை நீட்டினார். நல்லவேளை, மல்லிகா அக்கா முந்திக்கொண்டார். தினமும் காலையில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போங்கள், கடை வாடகைக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று பேசி முடித்துவிட்டார். வாடகைக் கவலை தீர்ந்தது. வீட்டுக் கவலை அப்படியே இருந்தது. சும்மா உட்கார வந்தவர்கள் எவரும் ஸ்பீக்கர் வாங்கவில்லை.

மாசி பிறந்தது. பங்குனி பக்கத்தில் வந்து நின்றது. அப்போது அந்தக் குரல் கடைசியாக ஒரு தடவை போனில் வந்தது. கம்பெனி மறுபடியும் கை மாறிவிட்டது. புது முதலாளிக்கு வேண்டியது அந்தப் பழைய பேர் மட்டும். அதைச் சின்னப் புளூடூத் ஸ்பீக்கரில் ஒட்டி விற்கப் போகிறார்கள். ஆள் உயரப் பெட்டி இனிமேல் கிடையாது, ஏஜென்சியும் கிடையாது. கம்பெனியே நிறுத்துவதால் டெபாசிட்டைத் திருப்பித் தந்தாக வேண்டும், தருகிறோம். கடையில் இருக்கும் பெட்டிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, உஷ் சார் தோற்பதற்கு முன்னால் கம்பெனி தோற்றுவிட்டது.

செல்வி துக்கம் விசாரிக்க வந்தாள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனேன். எத்தனை வருஷம் அந்தப் பேரைச் சாமி பேர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். அவர் படியில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இத நான் யாருக்கும் விக்க வேணாம், ஜெராக்ஸு" என்றார்.

"வருத்தமா இருக்கா சார்?"

"வருத்தமா? இத்தினி வருஷமா யார்னா வாங்கினு பூடுவாங்களோன்னு உள்ளுக்குள்ள பயந்துகினே இருந்தேன்யா."

செல்வி வாயில் கையை வைத்துக்கொண்டாள். மல்லிகா அக்கா அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, வர்றவங்கள நானே தொரத்தியிருப்பனே" என்றார்.

வராது என்று நான் பந்தயம் கட்டிய டெபாசிட் வந்தே விட்டது. பேங்கிலிருந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். உஷ் சார் அந்த நடு நாற்காலியில் அக்காவை உட்கார வைத்தார். இத்தனை வருஷத்தில் அக்கா அதில் உட்கார்ந்ததே இல்லையாம். ஒரு நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டார். கதவைச் சாத்தவில்லை, அவரும் வெளியே வரவில்லை. முதன்முதலாக அந்தப் பெட்டிகள் பாடுவதை நான் என் கடையில் இருந்தபடியே கேட்டேன். என்ன சொல்ல, மண்டிக்காரர் அன்றைக்கு மனைவியிடம் வளையலைக் கழற்றச் சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அக்கா பத்திரப் பையை நெஞ்சோடு அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பத்திரம் பேங்குக்குப் போன நாளிலிருந்து இப்படித் தூங்கியதில்லை என்று உஷ் சார் சைகையில் சொன்னார். ரெக்கார்டு முடியும்போதெல்லாம் பதறிப்போய் ஊசியை மறுபடி எடுத்து வைத்தார், நின்றுபோனால் முழித்துக்கொள்வாரோ என்று.

நான் ரோட்டில் இறங்கி, வாசலில் படபடவென்று வந்து நின்ற ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னேன்.