அட்டெம்ப்ட் சார் சைக்கிள் நின்ற வீடு

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அட்டெம்ப்ட் சாரின் வாடகை சைக்கிள் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. மற்ற ஊர்களில் எமன் எருமையில் வருவார் என்பார்கள். ராஜபாளையத்தில், அதுவும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில், அவருக்கு எருமை வாய்க்கவில்லை. மட்கார்டு ஆடுகிற சைக்கிள்தான் வாய்த்தது. எண்பதுகளில் தொடங்கி எங்கள் ஊர் உண்மையாகப் பயந்த மனிதர் அவர் ஒருவர்தான். இதைச் சொன்னால் மில் முதலாளிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களெல்லாம் அவருக்கு அடுத்தபடிதான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மதுரையிலிருந்து மாலைப் பேப்பரைக் கொண்டுவரும் வேன் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பேப்பர்க் கட்டுகளை இறக்கும். டிரைவர் சாவகாசமாக டீ குடித்து, ஊர்க்கதை பேசி, எங்களூர் வந்து சேர பஸ்ஸைவிட அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். அந்த அரை மணி நேரம்தான் அட்டெம்ப்ட் சாரின் ராஜாங்கம். மத்தியானமே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் காத்திருந்து முதல் பேப்பரை வாங்குவார். அதில் பாஸானவர்களின் நம்பர் மட்டும் அச்சாகியிருக்கும். எந்த நம்பர் இருக்கிறது என்று ஊர் தேடும். எந்த நம்பர் இல்லை என்று தேடுகிற ஒரே மனிதர் அவர். பரீட்சை நாட்களில் பள்ளிக்கூட வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் நம்பர் கேட்டு வைத்திருப்பார். காதில் ஒருமுறை விழுந்த நம்பர் அவர் தலையைவிட்டுப் போகாது. வேன் கிளம்புமுன் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, ஃபெயிலான பிள்ளையின் வீட்டு வாசலில் பேப்பருக்கு முன்னால் போய் நிற்பார்.

நின்று என்ன செய்வார்? பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் புரோட்டா வாங்கிக் கொடுப்பார். இதற்காக ஒரு மனிதன் இவ்வளவு சிரமப்படுவான் என்று நம்புகிற அளவுக்கு எங்கள் தெரு ஏமாளி இல்லை.

"ஆள் பிடிக்க வாராரு வதினா. டுடோரியலுக்கு அட்மிஷன்" என்பார் எதிர்வீட்டு அம்மா. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், வதினா என்றால் அண்ணி. எல்லோரையும் அவர் வதினா என்று கூப்பிட்டதால், தெரு அவருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டது.

அட்டெம்ப்ட் சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய ஹால் டிக்கெட்டுகளில் இருந்திருக்கும். பி.எஸ்ஸி. கணக்கில் கடைசி ஒரு பேப்பர் பாக்கி. அதை அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர்கள் மாறினார்கள், பாடத்திட்டம் மாறியது, இவர் மாறவில்லை.

கணக்கு தெரியாமல் இல்லை. அதுதான் வேதனை. சோழபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அப்பளத்தை வட்டமாகவும் முருங்கைக்காயைத் தொடுகோடாகவும் வைத்து, பக்கத்து இலைக்காரருக்கு ஒரு தேற்றத்தை நிரூபித்தார். ரசம் ஊற்ற வந்தவரை, "செத்த இருங்க, ஊத்துனா வட்டம் நமுத்துரும்" என்று நிறுத்தி வைத்தார். நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடித்து நின்ற அடுத்த பந்திக்காரர்கள், தங்கள் பிள்ளைகளைக் கணக்கு படிக்க வைப்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து வட்டத்தை எடுத்து நொறுக்கித் தின்ற பிறகுதான் பந்தி எழுந்தது.

இப்படிப்பட்டவர் பரீட்சை ஹாலுக்குள் நுழைந்ததும் வேறு ஆளாகிவிடுவார். மணி அடித்தால் எழுந்து வாசலைப் பார்ப்பார். கண்காணிப்பாளர் நடந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஒரு தடவை பரீட்சைக்குப் போகும் வழியில் மதுரை பஸ் ஸ்டாண்டில், கையில் கடிகாரம் கட்டிய ஒருவர் கண்காணிப்பாளர்போலத் தன்னை முறைத்தார் என்று அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். இன்னொரு தடவை முதல் கேள்வியிலேயே தவறு இருப்பதைக் கண்டுபிடித்து, அதை விளக்கி முழுநேரமும் எழுதி, மற்ற கேள்விகளைத் தொடாமல் எழுந்தார். ஒரு தடவை அத்தனை கேள்விக்கும் சரியாக விடை எழுதினார். பயத்தில் விடைத்தாளைச் சுருட்டிக் கையோடு ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். அதை டீக்கடையில் காட்டியபோது பார்த்தவர்கள், நூற்றுக்கு நூறு என்றார்கள்.

டயர் கடை மாடியில் அவருடைய டுடோரியல். 'இங்கு தோற்றவர்கள் மட்டும்' என்று போர்டு. ஊரில் எவரும் காசு கொடுத்து எழுதாத விளம்பரம். ஒரு பஞ்சு ஜின்னிங் ஃபாக்டரி முதலாளி, சொற்ப மார்க்கில் பாஸான மகனை மார்க் கூட்டுவதற்காகக் காரில் கூட்டிவந்தார். சேர்த்துக்கொண்டால் மாடிக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

"பாஸானவனுக்கு இங்க என்ன சோலி?" என்றார் அட்டெம்ப்ட் சார். "இவன் வந்து உக்காந்தா மத்த பயலுவ மொகம் சுருங்கிரும்லா."

கார் திரும்பிப் போனது. மழைக்காலத்தில் அந்தக் கூரை வழக்கம்போல ஒழுகியது. பிள்ளைகள் குடைபிடித்து அல்ஜீப்ரா படித்தார்கள்.

இவ்வளவையும் சிரித்துச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தொண்ணூறுகளின் நடுவில் பத்தாம் வகுப்பு எழுதிய ஒரு மகள் இருந்தாள். எஸ்தர். கணக்கு என்றால் அவளுக்குக் காய்ச்சல் வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை, தெர்மாமீட்டரில் தெரியும். நான் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட், என் கணவர் அதே மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ரிசல்ட் நாளன்று காலையில் ஷேவ் செய்துகொண்டே அவர் சொன்னார்:

"ஃபெயிலாகி வந்தா இந்த வீட்ல சோறு கெடையாது, ஆமா."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். எங்கள் ஊர் அப்பாக்களுக்கு இது பரம்பரைச் சொத்தாக வந்த வசனம். ரிசல்ட் நாளில் இதைச் சொல்லாவிட்டால் பதவி பறிபோய்விடும் என்று நம்புகிறார்கள். எஸ்தர் தலையாட்டிவிட்டு மாடி அறைக்குப் போனாள். தெருவைப் பார்த்த ஜன்னல் அங்கேதான் இருந்தது.

நான்கு பத்துக்குத் தெருவில் திரும்பிய சைக்கிளைப் பார்த்து வாசல்களில் பேச்சு நின்றது. அது முதல் வீட்டைத் தாண்டியது. அந்த வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லும் சத்தம் கேட்டது. பிள்ளையார் கோயிலைத் தாண்டியது. எங்கள் கேட்டுக்கு நேராக வந்து நின்றது.

"ஏமி வதினா, உங்க வீட்லயே நின்னுட்டாரே" என்று வதினா தெரு முழுக்கக் கேட்கும்படி அனுதாபப்பட்டார்.

நான் ஓடிப்போய் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அட்டெம்ப்ட் சார் குனிந்து நின்றிருந்தார். வாயில் கைக்குட்டையைக் கவ்வியிருந்தார்.

"சார், எங்க வீட்டுக்கா?"

அவர் நிமிர்ந்து, கறுப்பாக இருந்த கையை உயர்த்தி, பொறுங்கள் என்பதுபோல் காட்டினார். பாதிரியார்கள் கல்லறைத் தோட்டத்தில் அப்படித்தான் காட்டுவார்கள். நான் கேட்டில் சாய்ந்து அழ ஆரம்பித்தேன். என்னை முழுதாக அழவிட்டுத்தான் அவர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார்.

"செயின் கழன்டுருச்சும்மா. ஒரு பழைய துணி கெடைக்குமா?"

அவர் போக வேண்டியது தெருக்கோடி ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு. அவர்கள் மகன்தான் ஃபெயில். நான் சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு, துணி எடுக்க உள்ளே ஓடினேன். "ஏட்டி எஸ்தரு, ஒண்ணும் இல்லட்டி, செயினுதான்" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். படியேறிப் போய்ப் பார்த்தேன். மாடியில் ஜன்னல் திறந்திருந்தது. கீழே கொல்லைக்கதவும் திறந்திருந்தது. அவளுடைய செருப்பைக் காணோம்.

அரை மணி நேரத்தில் என் கணவர் ஒரு கையில் பேப்பரும் மறு கையில் பால்கோவாவுமாக வந்தார். "பாஸு, பாஸு" என்று கேட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். "எங்க அவ?"

சொன்னேன். பால்கோவாவை அப்படியே செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தார். காலையில் சொன்ன வசனம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்கவில்லை.

தோழிகள் வீடு, சித்தி வீடு, ரயில்வே ஸ்டேஷன் என்று அவர் ஸ்கூட்டரில் அலைந்தார். ஊரில் உள்ள சர்ச்சுகள் எல்லாவற்றிலும் தேடினார். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சர்ச்சுக்கே முக்கி முனகிப் போகிறவர். இதற்குள் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். "பாஸாமே, புள்ளையக் கூப்பிடுங்க, வாயில சீனி போடணும்" என்றார்கள். தூங்குகிறாள் என்றேன். ரிசல்ட் நாளில் தூங்குகிற பிள்ளையின் மனத்திடத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

கடைசியில் என் கணவர் அதுவரை எங்கள் வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "அந்த ஆளைக் கூப்பிடு."

நாங்கள் போனபோது அட்டெம்ப்ட் சார் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில், ஃபெயிலான பையனோடு உட்கார்ந்து புரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைக் கழுவினார்.

"பாஸான புள்ளையா? எனக்கு அது பழக்கமில்லையேம்மா" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஃபெயில்னு நெனச்சிட்டுப் போயிருக்கா. அப்ப ஃபெயில் கணக்குதான். காலைல வீட்ல என்ன சொன்னீங்க?"

என் கணவர் ஜவுளிக்கடைக்காரரின் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். "சும்மாதான் சார். சோறு கெடையாதுன்னு. எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரும் சும்மாதான் சொல்லுதாங்க சார். எங்கப்பா சும்மா சொல்லல."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "பையன்னா சினிமா தேட்டர்ல பாக்கலாம். பொம்பளப் புள்ள ஒரு எடத்துல அம்புட்டு நேரம் சும்மா உக்காரணும்னா கோயில் ஒண்ணுதான். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார்" என்றேன்.

"அதான் சொல்லுதேன். சர்ச்சுல உக்காந்தா பாஸ்டரம்மா வந்து ரிசல்ட் என்னாச்சும்பாங்க. சிவன் கேக்க மாட்டாரு. இந்த ஊர்க் கோயில்ல தெரிஞ்ச மொகம் இருக்கும். வில்லிபுத்தூர்ல ஆண்டாள் கோயில்ல எந்நேரமும் ஆளு. அப்ப மடவார் வளாகம். வைத்தியநாத சாமி கோயில்."

பந்தியில் அப்பளத்தை வைத்து நிரூபித்த அதே குரல். என் கணவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"நீங்க வராதீங்க சார். உங்களப் பாத்தா அவ எந்திரிச்சு ஓடிருவா."

கோயில் என்றால் தெப்பக்குளம் இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. நான் அதைச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சைக்கிளை எடுத்தபோது அட்டெம்ப்ட் சார் வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. செயின் மறுபடி கழலக் கூடாது என்று நான் ஜெபித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான ஜெபம் அது ஒன்றுதான்.

தெருவிளக்கு எரிந்து வெகு நேரத்துக்குப் பிறகு சைக்கிள் வந்தது. அவர் தனியாக வந்தார். மறுபடியும் எங்கள் கேட்டில்தான் நின்றது. வதினா இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"இருக்கா. பிரகாரத்துலதான் உக்காந்திருந்தா" என்றார் அட்டெம்ப்ட் சார், எங்கள் முகத்தைப் பார்த்து அவசரமாக. "கூட்டியாந்துட்டேன், தெருமுனைல தையல்கடை அக்காகூட நிக்கா. இன்னும் ஃபெயில்னுதான் நெனச்சிட்டு இருக்கா. நான் சொல்லல."

"ஏன்யா சொல்லல?" என் கணவர் கிட்டத்தட்ட அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"மொதல்ல சோத்தப் போடுங்க சார். உங்க கையால போடுங்க. ஃபெயிலா வந்தாலும் இந்த வீட்ல சோறு உண்டுன்னு தெரியட்டும். பாஸு எங்க போயிரப் போவுது, பேப்பர்லதான இருக்கு."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். என் கணவர் பரிமாறினார். பாதி தட்டில் விழுந்தது, பாதி தரையில். அவள் முதலில் தட்டைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் குழம்பை ஊற்றினார். அவள் சாப்பிட ஆரம்பித்தாள். மறு சோறு கேட்டாள்.

வாசற்படியில் நின்ற அட்டெம்ப்ட் சாருக்கும் ஒரு தட்டு வைத்தேன். "வாங்க சார், உக்காருங்க" என்றார் என் கணவர். அவர் கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தார். பிறகு, இவ்வளவு நேரம் கட்டிக் காத்த ரகசியத்தைத் தானே போட்டு உடைத்தார்.

"பாஸான புள்ள வீட்ல நான் சாப்பிடுறது இதுதாம்மா மொத தடவ."

எஸ்தரின் கை பாதியில் நின்றது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்போதும் ரிசல்ட் நாளில் எங்கள் கேட்டில் துவைத்த பழைய துணி ஒன்று தொங்கும். வேறு வீட்டு வாசலில் செயின் கழன்றாலும், துணிக்கு அவர் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.