ஆறு தடவை ஆட்டிய தலை

நான் நான்காம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் மூட்டை தூக்கி ஆரம்பித்து, மூன்று இரும்புக் கடை, இரண்டு கிரேன் என்று வளர்ந்தவன். ஒரு கம்பியைக் காலால் உதைத்தாலே அதன் தரத்தைச் சொல்லிவிடுவேன் (பாதிதான் சரியாக இருக்கும், மீதியை யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை). திருவொற்றியூர் பக்கம் எந்த மேடை ஏறினாலும், போதை சிகிச்சைக்கு வழிகாட்டிய தீர்க்கதரிசி என்று எனக்குச் சால்வை போடுகிறார்கள். அந்தத் தீர்க்கதரிசனம் வந்த நேரத்தில் நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

எங்கள் மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்களும் கிரேன் ஓட்டுகிறவர்களும் குடியிலும் போதை மாத்திரையிலும் விழுந்துகொண்டே இருந்தார்கள். கடைக்காரர் சங்கம் செலவை ஏற்றுக்கொண்டு, ஒரு சிகிச்சை மையத்தை யாரிடமாவது ஒப்படைப்பது என்று முடிவானது. யாரிடம் என்று தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு நான் தலைவர். என் மனசுக்குள் மையம் ஏற்கெனவே எழும்பியிருந்தது. மாதவரத்தில் நாலு மாடி. வாசலில் கருங்கல்லில் என் பெயர்.

என் மனைவி கஸ்தூரிக்குக் கவலை வேறு. அவள் தம்பி தேசிங்கு என் கிரேனை ஓட்டியவன். ஒருநாள் போதையில் கம்பிக் கட்டை ஆட்கள் தலைக்குமேல் ஆடவிட்டான். அன்றே அவனை இறக்கிக் கடையில் உட்கார வைத்தேன். ஊருக்கு, பையனுக்கு முதுகு வலி என்று சொன்னேன் (என் குடும்பத்தில் குடிகாரன் இருக்கலாமா?). கூட்டத்துக்குக் கிளம்பும்போது கஸ்தூரி கேட்டாள்:

"நாலு மாடி கட்டி இன்னாய்யா பண்ணப்போற? என் தம்பி அந்த வாசல்ல கால வெப்பானா?"

வஞ்சிர மீன் குழம்பை மறுசோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். வினையே அதுதான்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். முதல் இருவரும் திரையில் கட்டடங்களைக் காட்டினார்கள். மூன்றாவதாக ஜெயந்தி என்ற ஆலோசகர், ஒற்றைக் காகிதத்தோடு எழுந்தார். தாலாட்டு மாதிரிக் குரல். மேலே மின்விசிறி. எண்ணூர் பக்கமிருந்து உப்புக் காற்று. எங்கேயோ இரும்புத் தகடு விழுந்த ஓசை, தண்ணீருக்கடியில் மணி அடித்ததுபோல் கேட்டது.

பிறகு நான் கடலில் இருந்தேன். துடுப்பில்லாத படகு. சுற்றிலும் இரும்புத் தகடுகள் பூவரச இலைபோல மிதந்தன. அலைமேல் ஒரு கிரேன் நின்றது. அதன் உச்சியில் தேசிங்கு. அவன் கொக்கியைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு ஆளாகத் தூக்கிக்கொண்டிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்தவர்கள் சிரித்துக்கொண்டே மேலே போனார்கள். கரையிலிருந்து யாரோ "சரிங்களா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். படகு ஆடியது. நானும் ஆடினேன்.

கைதட்டல் கேட்டு விழித்தேன்.

இங்கே எங்கள் மார்க்கெட் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காகிதமெல்லாம் அப்புறம்தான், தலையை ஆட்டினால் வியாபாரம் முடிந்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும் மாற முடியாது. மாறியவனிடம் அடுத்து யாரும் சரக்கு வாங்கமாட்டார்கள். நாற்பது வருஷமாக மாறாத தலை என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் கண்ணைத் திறந்தபடி தூங்குவது வேறு என் பிறவிப் பழக்கம். ஆழ்ந்து யோசிக்கிறார் என்று குழு நினைத்துவிட்டது.

ஜெயந்தி கேட்டதில் நான் எதற்கெல்லாம் தலையாட்டினேன் என்பதைச் சங்கச் செயலாளர் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கட்டடம் கிடையாது, மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகை அறை போதும். பெயர்ப் பலகையே கூடாது. வேலை முடிந்து சாயங்காலம் வரலாம், டாக்டரும் மருந்தும் அங்கேயே. வீட்டு ஆட்களும் கூட வந்து உட்கார வேண்டும். மறுபடி குடித்துவிட்டு வருகிறவனையும் விரட்டக் கூடாது. இதுவரை எப்படியோ பொறுத்துக்கொண்டேன். ஆறாவதாக, மற்றவர்களுக்குக் கூச்சம் போக, குழுவில் இருப்பவர் வீட்டிலிருந்தே முதல் ஆள் வர வேண்டும்.

"அதுக்குத்தான் தலைவர் ரொம்ப பலமா ஆட்டினாரு," என்றார் செயலாளர். "மோவாய் நெஞ்சுல இடிச்சுது."

தூங்கிவிட்டேன் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் குடும்ப மானம் போகும். எதைக் காப்பாற்றலாம் என்று வாயைத் திறந்துகொண்டிருந்தபோது, கதவருகே நின்ற தேசிங்கு உள்ளே வந்தான். எங்களுக்கு டீ கொண்டுவந்தவன். பிளாஸ்கை மேஜைமேல் வைத்தான்.

"மாமா, நீ தல ஆட்டினத நா பாத்தேன். இன்னிக்கே போலாமா? நாளைக்குன்னா நா வரமாட்டேன்."

என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அறை தயாராகும்வரை காத்திருக்காமல், சங்க அலுவலகத்திலேயே ஜெயந்தி பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். முதலில் என்னைப் பேசச் சொன்னார். மைக் கிடைத்தால் ஒரு மணி நேரம் விடாதவன் நான். அன்று ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது: "முதுகு வலிங்க." முதலில் சிரித்தவன் தேசிங்குதான். அவன் சிரித்து நான் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

அதன்பின் இரண்டு தடவை சறுக்கினான். இரண்டு தடவையும் அங்கே யாரும் விரட்டவில்லை (நான்தான் தலையாட்டிவிட்டேனே). இப்போது மறுபடி என் கிரேன் உச்சியில் இருக்கிறான்.

போன பொங்கலன்று மனசு கேட்காமல் அவனிடம் ஒப்புக்கொண்டேன், அன்றைக்கு நான் தூங்கிவிட்டேன் என்று.

"தெரியும் மாமா," என்றான். "பதினஞ்சு வருசமா உன் கடையில கீறேன். நீ தூங்கறது எனக்குத் தெரியாதா? முழிச்சிகினு இருந்தா நீ எங்க ஆட்டியிருக்கப் போற?"

கஸ்தூரி காதில் அது விழுந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடம் வாங்குவதானாலும் மாப்பிள்ளை பார்ப்பதானாலும் என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கஸ்தூரி மீன் குழம்பு வைத்து, மின்விசிறியைப் போட்டு, தலையணையைத் தட்டி வைக்கிறாள்.

"மொதல்ல படுய்யா. அப்பால கேக்கறேன்."