அஸ்ஹாரியின் குரல் இறங்காத வரலாறு

வயதானால் மனிதனிடம் எல்லாமே இறங்கும்: பல், தோள், கால்சட்டை. அஸ்ஹாரியின் குரல் மட்டும் முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. அரசு முத்திரையோடு மூன்று பிரதிகளில் சான்றிதழ் இருக்கிறது. ராக் பாடகர்களின் வரலாற்றில் இப்படி இன்னொரு தொண்டையைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது.

நான் தேவசகாயம். ஜொகூர் பாருவின் 'பெசி கராட்' ராக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். பெசி கராட் என்றால் மலாய் மொழியில் துருப்பிடித்த இரும்பு. பெயர் வைத்தபோது எங்களில் யாருக்கும் இருபத்தைந்து தாண்டாததால் சற்றுப் பொருத்தமில்லாமல் இருந்தது. இப்போது சரியாகிவிட்டது.

1988இல் எங்கள் முதல் கேசட் வந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் எங்கள் பாடகர் அஸ்ஹாரி ஓர் உச்சிக்குப் போய் மூச்சு விடாமல் அங்கேயே நிற்பார். அதைக் கேட்டுத்தான் அந்த வருடம் பாதி ஊர் தலைமுடி வளர்த்தது. பதிவன்று அவருக்கு நல்ல காய்ச்சல். பாடிவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்தவர், கேசட் வந்ததும் கேட்டுவிட்டுத் தானே அசந்துபோனார்.

"தேவா, இது நானா லா? இவ்ளோ ஒசரத்துக்கா போனேன்?"

"காய்ச்சல், அபாங். ஒடம்பு சூடானா தொண்டை தொறந்துக்கும்."

அபாங் என்றால் அண்ணன். மருத்துவ அறிவு இந்தத் தம்பிக்கு எப்போதுமே உண்டு. அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கச்சேரிக்கு முந்தின நாள் காய்ச்சல் வரட்டும் என்று மழையில் போய் நிற்பார். வந்தாலும் வராவிட்டாலும் மேடையில் அந்த உச்சியைத் தொட்டுவிடுவார். எட்டு வருடம் தொட்டார். 1996இல் மலாக்கா மேடையில் பாடி முடித்துக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், கைக்குட்டை சிவந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் பேச்சே கிடையாது. எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவார். 'இன்னொரு தடவை அப்படி அலறினால் பேச்சும் போய்விடும்' என்று டாக்டர் சொன்னதையும் சிலேட்டில்தான் படித்தேன்.

இங்கேதான் என் 'தொண்டு' தொடங்குகிறது. அவர் மறுபடி மேடையேறியபோது நான் கீபோர்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கி வைத்தேன். கித்தார்க்காரர்கள் இருவரையும் ரொட்டி சானாய் கடைக்குக் கூட்டிப்போய், யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, கம்பிகளைத் தளர்த்தச் சொன்னேன். பாடகருக்குத் தெரிவிக்கவில்லை. பத்து வருடம் கழித்து இன்னோர் அரைக் கட்டை. ஆக மொத்தம் ஒரு கட்டை. குரல் இறங்கவில்லை, கவனியுங்கள். பாட்டுதான் பெரியவருக்கு மரியாதை கொடுத்துக் கீழே வந்தது.

ஒரே ஒரு தடவை மாட்டப் பார்த்தேன். காரில் போகும்போது ரேடியோவில் எங்கள் பாட்டு வந்தது. கூடவே பாடியவர் பாதியில் நிறுத்தினார்.

"என்ன லா இது, நான் மேடையில பாடுறதவிட மேல நிக்குது?"

"ரேடியோக்காரன் வேகமா ஓட்டுறான், அபாங். அப்பதான இன்னொரு வெளம்பரம் போட முடியும்."

"கலைய மதிக்கத் தெரியாத பசங்க" என்று அவர் ரேடியோவை அணைத்தார். நானும் துயரத்தோடு தலையாட்டினேன்.

போன வருடம் ஒரு பத்திரிகை, 'இரும்புக்கு மட்டுமா, குரலுக்கும் துரு' என்று எழுதியது. அறுபது வயது மனிதர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் 'குரல் மரபுப் பாதுகாப்புக் குழு' என்ற அரசாங்கக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டார். பழைய பதிவில் தொட்ட உச்சியை இன்றும் தொடும் பாடகருக்கு அவர்கள் 'வாழும் குரல்' என்று சான்றிதழ் தருகிறார்கள்.

"பட்டமெல்லாம் எனக்கு வேணாம், தேவா. என் கொரலு போகலன்னு யாராச்சும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்" என்றார்.

தேர்வு நாளில் மழை. குழுத் தலைவி புவான் ரொஹானா சுருதி அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். அஸ்ஹாரி என் கீபோர்டுக்குப் பாடினார். உச்சியில் அசையாமல் நின்றார். குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு புவான் கேசட்டை ஓட்டிக் கருவியைப் பார்த்தார்.

"என்சிக் அஸ்ஹாரி, ஒங்க போஸ்டர செவுத்துல ஒட்டுனதுக்கு நான் எங்கம்மாகிட்ட அடி வாங்கியிருக்கேன். அதனால சொல்லவே கஷ்டமா இருக்கு. ஒரு கட்டை கொறையுது. எட்டாவது விதிப்படி பதினஞ்சு நிமிசம் கழிச்சு இன்னொரு வாய்ப்பு உண்டு. இந்தத் தடவ கீபோர்டு வேணாம். கேசட்டோட சேந்து பாடுங்க."

"கொறையுதா?" என்று அஸ்ஹாரி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் எழுந்து போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கார் நிறுத்தும் இடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு மழையில் நிற்கிறார். காய்ச்சலுக்காக. குடையோடு ஓடினேன்.

"அபாங், வேணாம். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"பேச்சு போனா போவட்டும் லா. சிலேட்டு இன்னும் வீட்டுலதான் இருக்கு."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அனுபவசாலி. மாடிக்கு ஓடிப்போய் விதியைப் பிடித்துக்கொண்டேன்.

"புவான், கேசட்டுங்கிறது நகல்தான? நகல வச்சு அரசாங்கம் முடிவு பண்ணலாமா? மூலத்தயில்ல பாக்கணும்?"

புவானின் முகம் மலர்ந்தது. கேசட் போட்ட முதலாளி தவுக்கே கோ காலமானதும் அவர் பிள்ளைகள் பழைய ஒலிநாடாச் சுருள்களை எல்லாம் இந்தக் குழுவிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள். பெட்டி வந்தது. பெட்டியில் எழுதியிருந்த வேகத்திலேயே சுருளை ஓட்டினார்கள். நனைந்த தலையோடு அஸ்ஹாரி உள்ளே வந்தபோது, இருபத்து நான்கு வயது அஸ்ஹாரி நிதானமாக, கனமாகப் பாடிக்கொண்டிருந்தார். கருவியின் முள் முதல் தடவை நின்ற அதே இடத்தில் வந்து நின்றது.

புவான் எழுந்து நின்று அறிவித்தார். "முப்பத்தாறு வருசத்துல எந்த மாத்தமும் இல்ல. இந்தக் குழு இப்படி ஒரு கொரல இதுவரைக்கும் பாத்ததில்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் மட்டும் தட்டவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யாரு லா வேகத்தக் கூட்டுனது?"

"பாட்டு நீளம், அபாங். கேசட்டுல அந்தப் பக்கத்துல நாப்பது செகண்டு எடம் பத்தல. கூட்டுடான்னாரு தவுக்கே. நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்க. நான்தான் குமிழத் திருப்புனேன். வேகம் ஏறுனா கொரலும் மேல ஏறிடும்."

"அப்ப ரத்தம் வர வர எட்டு வருசம் நான் தொரத்துனது எத?"

"குமிழத்தான், அபாங்."

அவர் கத்தவில்லை. கத்தக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சான்றிதழ்ப் படிவத்தை இழுத்து நிரப்பத் தொடங்கினார். கடைசிக் கட்டத்தில், 'இக்குரலின் இன்றைய நிலைக்குக் காரணமானவர்' என்று கேட்டிருந்தது. குருவின் பெயரையோ தாயின் பெயரையோதான் அங்கே எழுதுவார்களாம். அவர் என் முழுப் பெயரை எழுதினார். கீழே என் வீட்டு முகவரி, அடையாள அட்டை எண்.

அதன் பிரதி ஒன்று சட்டம் போட்டு என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் படித்துவிட்டுக் கை கொடுக்கிறார்கள். போலீஸ் புகாரில்தான் பெயரையும் எண்ணையும் அப்படி எழுதுவார்கள் என்று இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.