பானெட்டில் ஆறு கட்டம்

சாமான் ஏற்றுவதற்காக டிரக் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களை விடுங்கள், பாவம், உழைத்துச் சாப்பிடுகிற ஜனங்கள். துடைப்பதற்காகவே டிரக் வாங்குகிற இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு மெருகுப் பரிசோதகர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஓக்லஹோமாவில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவுக்கு வெர்லின் ஹேக்கட்.

வயது ஐம்பத்தெட்டு. தானியக் கிடங்கில் மேற்பார்வையாளர். மனைவி டார்லா, கட்டிக்கொடுத்த மகள் ட்ரீனா, கருப்பு நிறத்தில் ஒரு பிக்கப் டிரக். பிரியத்தின் வரிசைப்படி சொல்லவில்லை. முக்கால் டன் சுமக்கும் என்று விளம்பரத்தில் பார்த்துத்தான் அதை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அது சுமந்தது அவரை மட்டும்தான்.

சனிக்கிழமை விடிந்தால் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, இரண்டு வாளி நுரையில் குளிப்பாட்டி, பச்சைக் குழந்தைக்குத் துவட்டுவதுபோல் துவட்டி, பானெட்டின்மேல் நீல டேப்பை ஒட்டி ஆறு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மெழுகு, ஒரு பூச்சு, ஒரு திரவம் என்று தடவி, ஒவ்வொன்றின் மேலும் தண்ணீரைத் தெளித்து, எந்தத் துளி உருண்டு நிற்கிறது, எந்தத் துளி ஒழுகி ஓடுகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். பட்டப்பகலில் டார்ச்!

“டார்லா, கொஞ்சம் வந்து பாரு. எந்தக் கட்டம் ஜாஸ்தி மின்னுது?”

“எல்லாம் கருப்பாத்தான் இருக்கு.”

“கண்ணைத் தொறந்து பாரு. நாலாவதுல ஒரு ஆழம் தெரியல?”

“தெரியுது. நீ அதுல விழுந்துதான் ரொம்ப நாளாச்சே.”

மே மாதத்து சனிக்கிழமை ஒன்றில் ஆறு கட்டமும் பூசி முடித்து, தண்ணீர் தெளிக்குமுன் நிமிர்ந்தார். மூன்றாவது கட்டத்தில் இருந்தது புதுச் சரக்கு. ஒரு நாள் முழுக்கத் தூசியோ தண்ணீரோ படக்கூடாது என்று புட்டியில் எழுதியிருந்தது. அப்போது போன் அடித்தது. ட்ரீனா.

“அப்பா, ராட்னிகூட இனிமே குடித்தனம் நடத்த முடியாது, நான் விட்டுட்டு வந்துடறேன். அவன் அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வருவான். அதுக்குள்ள என் சாமானை எடுத்துடணும். வண்டியைக் கொண்டுவாயேன்.”

நீங்களாக இருந்தால் சாவியை எடுத்திருப்பீர்கள். வெர்லின் வானத்தைப் பார்த்தார்.

“அங்க மழை வர்ற மாதிரி இருக்கா?”

“என்னது?”

“இல்லம்மா, மூணாவது கட்டம் இன்னும் காயல. அதான்...”

மகள் மேல் பாசம் இல்லாதவர் என்று நினைக்காதீர்கள். உடனே புறப்பட்டார். அதாவது, உடனே வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் அள்ளி வந்து டிரக்கின் பின்பக்கத்துச் சாமான் தொட்டியில் விரிக்க ஆரம்பித்தார். ஓரங்களுக்குப் பஞ்சு வைத்தார். பஞ்சின்மேல் டேப் ஒட்டினார்.

டார்லா ஐந்து நிமிஷம் பொறுத்தாள். பிறகு எதிர்வீட்டுக்கு நடந்தாள். அங்கே கூரை வேலை செய்யும் லூப்பே ஒர்த்தேகா. அவருடைய டிரக்குக்கு ஒரு கதவு சிவப்பு, மறு கதவு துரு. விஷயத்தைக் கேட்டதும், “ஏணியை எறக்கிட்டு வந்துடறேன், ஏறிக்கங்க” என்றார். அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே, சரளைக்கல் ரோட்டின் கோடியில் இருந்த ட்ரீனாவின் வீட்டுக்கு வெர்லின் வந்துசேர்ந்தபோது மணி நாலரை. லூப்பேயின் வண்டியில் கட்டிலும் பீரோவும் வாஷிங் மெஷினும் ஏறிவிட்டன.

“அப்பா, இந்த மரப்பெட்டியை உன் வண்டில வைக்கட்டுமா?”

“மூலையெல்லாம் கூரா இருக்கேம்மா.”

“நாற்காலி?”

“அதுல ஆணி இருக்கும்.”

“அஞ்சாகப் போகுது, வெர்லின்!” என்று டார்லா கத்தினாள். “அந்த வண்டில என்னதான்யா வைக்கலாம்?”

வைக்கப்பட்டவை: தலையணை இரண்டு.

பெட்டியையும் நாற்காலியையும் லூப்பே தன் வண்டியிலேயே சொருகிக்கொண்டார். ட்ரீனாவும் அப்பாவின் டிரக்கில் ஏறவில்லை. லூப்பேக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் போகும் வண்டி கல்லை வாரி அடிக்கும் என்று வெர்லின் வெகுதூரம் பின்தங்கியே போனார். அங்கிருந்து பார்த்தால், சாமான்களின் இடுக்கில், பின்கண்ணாடி வழியாக மகளின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாளா? அழுகிறாளா? தூரத்தில் புரியவில்லை. கொஞ்சம் நெருங்கினார். இன்னும் கொஞ்சம்.

டக்.

மூன்றாவது கட்டம்.

அழுதுகொண்டிருந்தாள். டார்லா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வெர்லினின் பக்கத்து இருக்கை, தோல் பளபளக்க, காலியாகக் கிடந்தது. டக், டக் என்று கல் விழுந்தது. அவர் பின்தங்கவில்லை. தார் ரோடு வரும்வரை அதே நெருக்கத்தில் போனார்.

வீட்டு வாசலில் இறங்கிய ட்ரீனா பதறிவிட்டாள். “ஐயோ அப்பா, பானெட்டெல்லாம் கொத்திவச்ச மாதிரி இருக்கே!”

“போகட்டும் விடும்மா. நீ உள்ள போ.”

லூப்பே சிலுவை போட்டுக்கொண்டார். டார்லா வந்து, காய்ச்சலா என்று புருஷனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவரோ வாஷிங் மெஷினின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து இறக்கினார். சட்டை முழுக்கத் துரு.

ஆள் திருந்திவிட்டார் என்று கண் கலங்குகிறீர்களா? துடைத்துக்கொள்ளுங்கள். கல் கொத்திய பள்ளங்களை அடைப்பதற்கென்றே விற்கிற பெயின்ட் மூன்று ரகம், திங்கட்கிழமை வந்து இறங்கியது. எது நன்றாக மூடுகிறது என்று பார்க்க வேண்டாமா?

சிரித்தாயிற்று அல்லவா? நல்லது. எழுந்திருக்கும் முன் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் கூடத்து சோபாவுக்குக் கடைக்காரன் போட்டனுப்பிய பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டீர்களா? கழற்றியாயிற்றா? ரொம்ப சந்தோஷம். எங்கே, உங்கள் மகளைக் கொஞ்சம் கூப்பிடுங்கள். நான் அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.